நெல் மகரந்தத்துக்குக் குளிர் கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

தன் போக்கில் விட்டால் மகரந்தச் செல் தூளாக முற்றி உதிரும். அதைத் தடம் மாற்றி, சத்து ஊடகத்தில் கேலஸ் என்னும் உருவமற்ற செல் திரளாக்கி, கேலஸை நாற்றாக்கத்தான் குளிர் கொடுக்கிறோம். 1964இல் டெல்லியில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையில் மகரந்தச் செல்லிலிருந்து கருக்களை எடுத்துக் காட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் ஜப்பானில் நெல்லுக்கும் அது வந்துவிட்டது.

டெல்டாவில் இதைச் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஃபிரிட்ஜைத்தான் குறை சொல்வார்கள். தவறு அதற்கு முன்பே, வயலில் நடந்திருக்கும். கார்த்திகையில் சிஆர் 1009 ரகம் பொதி கட்டும்போது, அதாவது கதிர் இலையுறைக்குள் இருக்கும்போது, கதிர் எட்டிப் பார்க்கட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டது. மகரந்தச் செல்லில் ஒற்றை உட்கரு இருக்கும் கடைசிக் கட்டம்தான் நமக்கு வேண்டும். கண்ணாடி இலையின் (கதிரை ஒட்டிய கடைசி இலை) கழுத்துக்கும் அதற்குக் கீழ் இலையின் கழுத்துக்கும் உள்ள இடைவெளி வயலில் ஓர் அடையாளம். பல ரகங்களில் 5 முதல் 10 செ.மீ. வரை. ஆனால் ஏடிடி 43க்குச் சரியாக வந்த அளவை சிஆர் 1009க்குப் போடாதீர்கள். ஒரு மகரந்தப்பையை அசிட்டோகார்மின் சாயத்தில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கதிரின் நுனிப் பூக்கள் முந்தி முற்றும் என்பதால், நடுப்பகுதியிலிருந்தே எடுங்கள்.

அடுத்தது, பார்லிக்கு எழுதிய குறிப்பை நெல்லுக்குப் போடுவது. பார்லி 4 டிகிரியில் மூன்று நான்கு வாரம் தாங்கும். நம் நெல் வெயிலில் வளர்ந்த பிள்ளை. 8 முதல் 10 டிகிரியில் ஒரு வாரம், பத்து நாள் போதும். இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே என்று நீட்டினால் கேலஸ் கூடலாம், பச்சை நாற்று குறையலாம். கரண்ட் போன நேரத்தில் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதும் வேண்டாம். பொதியை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். தண்ணீர் சொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

கேலஸை எண்ணி மகிழ்வதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். நாம் பயிரிடும் இண்டிகா வகை நெல்லில் வெள்ளை நாற்றுகள் ஏராளமாக வரும். பச்சையமில்லாத அவை பிழைக்காது. கேலஸ் ஓரிரு மி.மீ. வந்ததும் அடுத்த ஊடகத்துக்கு மாற்றுங்கள், தாமதித்தால் வெள்ளை பெருகும். கணக்கில் பச்சையை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், மகரந்தச் செடியில் குரோமோசோம் பாதிதான் என்று, பிழைத்ததையெல்லாம் அதை இரட்டிக்கும் கோல்ச்சிசினில் முக்கிவிடாதீர்கள். நெல்லில் ஏறக்குறையப் பாதி தானாகவே இரட்டித்துவிடும். சில நாற்றுகள் மகரந்தப்பைச் சுவரிலிருந்து முளைத்திருக்கவும் கூடும், அவை மகரந்தச் செடியே அல்ல.