டீசல் ஸ்ப்ரே எவ்ளோ தூரம் போகும்? சிமுலேஷனுக்கு முன்னாடி கையால ஒரு கணக்கு

சாஃப்ட்வேர திறக்குறதுக்கு முன்னாடி ஹிரோயாசு, அராய் 1990ல குடுத்த ஃபார்முலாவ ஒரு தடவ போட்டு பாத்துருங்க. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கும் சேம்பர் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்த காத்தோட அடர்த்தியால வகுத்து நாலாம் மூலம் எடுங்க, நாஸில் விட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க, ரெண்டையும் பெருக்கி 2.95ஆல பெருக்குனா தூரம் வந்துரும். எல்லாம் எஸ்ஐ யூனிட்ல இருக்கணும், பார்ல போட்டா சொதப்பிரும்.

உதாரணத்துக்கு ஸ்ப்ரே ஏ (ஆராய்ச்சில எல்லாரும் ஒப்பிட்டுப் பாக்குற ஒரு பொது சோதனை) எடுத்துக்கலாம், டோடெகேன் எரிபொருள், இன்ஜெக்ஷன் அழுத்தம் 1500 பார், 90 மைக்ரான் நாஸில், காத்து அடர்த்தி 22.8 கிலோ/கனமீட்டர், 900 கெல்வின். 1 மில்லிசெகண்ட்ல சுமார் 44 மிமீ வருது. நாலாம் மூலம்ங்கறதால அழுத்தத்த டபுள் பண்ணாலும் தூரம் 19 சதவீதம் தான் கூடும், நிறைய பேர் இத எதிர்பாக்கவே மாட்டாங்க. (ஆரம்பத்துல, துளி உடையுறதுக்கு முந்தின கொஞ்ச மைக்ரோசெகண்டுக்கு வேற ஃபார்முலா, அத இப்ப விட்ருங்க.)

இப்ப சிமுலேஷன். ஓப்பன்ஃபோம்ங்கற இலவச சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல ஸ்ப்ரேஃபோம்னு ஸ்ப்ரேக்கான சால்வர் இருக்கு, அதோட வர்ற ஆகன் பாம் டுடோரியல காப்பி பண்ணி ஆரம்பிக்கலாம். துளிகள பார்சல் பார்சலா கூட்டி நகர்த்துற முறை இது. முதல் வேலை மெஷ், அதாவது சேம்பர குட்டி குட்டி செல்லா பிரிக்கிறது. நாஸில் பக்கத்துல செல் பெருசா இருந்தா துளி குடுக்குற உந்தம் அந்த செல் பூரா பரவிரும், காத்து நிஜத்த விட மெதுவா நகருற மாதிரி தெரியும், டிராக் (காத்தோட எதிர்ப்பு) கூடி ஸ்ப்ரே பாதியிலயே நின்னுரும். 0.25 மிமீ, 0.5 மிமீ ரெண்டுலயும் ஓட்டி பாருங்க.

அடுத்து ஆவி போற தூரத்த சரி பண்ணுங்க, திரவ நீளம் (ஆவியாகாம திரவமாவே போற தூரம்) அப்புறம் தான். ஆவி தூரத்த முக்கியமா தீர்மானிக்கிறது உந்தமும் டர்புலன்ஸும், அதனால கே எப்சிலான்ங்கற டர்புலன்ஸ் மாடல்ல ஜெட் ரொம்ப விரிஞ்சா அதுல உள்ள சி1ங்கற மாறிலிய 1.44ல இருந்து 1.55 பக்கம் ஏத்துவாங்க. திரவ நீளம் சரியில்லனா மட்டும் துளி உடையுறத கணக்கிடுற கேஎச்-ஆர்டி மாடலோட பி1ங்கற மாறிலில கை வைங்க, அத ஏத்துனா துளி லேட்டா உடையும், திரவம் நீளும். ஸ்ப்ரே ஏல அது சுமார் 10 மிமீல நின்னுடணும், ஆவி மட்டும் போயிட்டே இருக்கும்.

கடைசியா, அளக்குற வரையறைய முன்னாடியே முடிவு பண்ணிருங்க. ஆவிக்கு மிக்சர் ஃபிராக்ஷன் (கலவைல எரிபொருளோட நிறை பங்கு) 0.001 எட்டுற கடைசி புள்ளி, இத மாத்தி மாத்தி எடுத்தா எந்த சோதனை டேட்டாவோடயும் ஒப்பிட முடியாது.