கோழியின் கால் செதில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? எண்ணெயும் பொறுமையும் போதும்

கோழியை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நல்ல காலில் செதில்கள் ஓடு வேய்ந்தது போல் படிந்திருக்கும். விரல் தடையின்றி இறங்கும். செதிலின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டால், அதன் அடியில் சுண்ணாம்பு போல் வெளுத்த பொடி தெரிந்தால், அங்கே சிற்றுண்ணி குடியேறிவிட்டது.

இதன் அறிவியல் பெயர் நெமிடோகாப்டஸ் மியூட்டன்ஸ். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உருண்டை உடம்பு. கண்ணால் தேடிப் பயனில்லை. கூட்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும் சிவப்புச் சிற்றுண்ணி வேறு. இது செதிலுக்கு அடியில் தோலைக் குடைந்து, அங்கேயே குடும்பம் நடத்துகிறது. குடையக் குடையக் கசிவும் செத்த தோலும் சேர்ந்து பொருக்காகி, செதிலை மேலே தள்ளுகின்றன. அப்படியே விட்டால் கால் தடித்து, கோழி நொண்டும். முற்றினால் விரலே உதிர்ந்துபோவதும் உண்டு.

வயதான கோழியின் கால் இயல்பாகவே சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், ஆனால் செதில் தூக்காது. உள்ளங்காலில் வீக்கமும் கறுப்புப் புண்ணும் இருந்தால் அது வேறு நோய். இந்த வைத்தியம் அதற்கு உதவாது.

முதல் படி: ஊறவைத்தல்

இதைப் பகலில், வெயில் இருக்கும்போது செய்யுங்கள். ஈரக் காலோடு கோழியை இரவுக் குளிருக்கு அனுப்பக் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் சிறிது மென்மையான சோப்பு. காலை மடிப்பு வரை மூழ்கவிட்டுப் பத்து நிமிடம் பிடித்திருங்கள். இறக்கையோடு சேர்த்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டால் கோழி அடங்கியிருக்கும். முதல் இரண்டு நிமிடம் உதைக்கும். பிறகு வெதுவெதுப்பு பிடித்துப்போய்க் கண்ணை மூடிவிடும்.

இரண்டாம் படி: தேய்த்தல்

பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். செதில் படிந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, மெல்லத் தேயுங்கள். தானாக வருவது வரட்டும், வராததை விட்டுவிடுங்கள். முதல்முறை நான் பொறுமையில்லாமல் நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்தேன். அடியில் இருந்த இளந்தோல் கிழிந்து இரத்தம் வந்தது. மற்றக் கோழிகள் அந்தச் சிவப்பைப் பார்த்துக் கொத்தத் தொடங்கின. ஒரு வாரம் அதைத் தனியே அடைத்து வைக்க வேண்டியதாயிற்று.

உதிர்ந்த பொருக்கில் உயிருள்ள சிற்றுண்ணி இருக்கும். தண்ணீரைக் கோழிகள் நடமாடாத இடத்தில் கொட்டுங்கள்.

மூன்றாம் படி: பூசுதல்

காலை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். செதிலுக்கு அடியிலும் விரலிடுக்கிலும் இறங்க வேண்டும். இது விஷமல்ல, காற்றுப் புகாமல் அடைத்துச் சிற்றுண்ணியை மூச்சுத் திணறவைக்கும், பொருக்கையும் இளக்கும். சமையல் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும் என்பதால் எனக்கு ஜெல்லிதான் பிடிக்கும். இறகில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைகாக்கும் கோழியாக இருந்தால் கூடுதல் கவனம்: பிசுக்கு முட்டையில் ஒட்டினால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு செத்துவிடும்.

மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். சிற்றுண்ணி சாகலாம், கோழியின் தோலும் வெந்துபோகும்.

நான்காம் படி: திரும்பத் திரும்ப

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். இரண்டு முறை பூசிவிட்டு, கால் பளபளப்பதைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். சிற்றுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம். இன்று தப்பியது அதற்குள் அடுத்த தலைமுறையை உண்டாக்கிவிடும். ஆகவே முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு குறைந்தது இன்னும் இரண்டு வாரம், வாரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். ஒவ்வொரு முறையும் ஊறவைக்கத் தேவையில்லை. பொழுது சாய்ந்து கோழி கம்பில் அடைந்த பின் போனால், துரத்தாமலே பூசிவிடலாம்.

ஒன்றுக்குத்தான் தெரிகிறது என்றாலும் எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் தொடங்குங்கள். காலோடு கால் உரசி, ஒரே கம்பில் உறங்குவதால்தான் இது பரவுகிறது.

மாதக் கணக்கில் முற்றியிருந்தாலோ, நொண்டினாலோ, புண்ணில் சீழ் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்தை அவர் தரக்கூடும். கோழியின் எடைக்கு எவ்வளவு, அதன்பின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்ற இரண்டையும் கேட்காமல் திரும்பாதீர்கள்.

சிற்றுண்ணி செத்தாலும் கால் உடனே அழகாகாது. கெட்ட செதில் உதிர்ந்து புதியது வரப் பல மாதம் ஆகும். சில செதில் கோணலாகவே நின்றுவிடும். புதிதாகப் பொருக்கு சேரவில்லை என்றால் வைத்தியம் பலித்துவிட்டது.

மறுபடி வராமல் இருக்க

பூசத் தொடங்கிய அன்றே கம்புகளைக் கழற்றி, வெந்நீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவுங்கள். கூட்டில் பரப்பியிருப்பதை முழுவதும் மாற்றுங்கள். பிறகு மாதம் ஒருமுறை கால் பார்த்தால் போதும். காலில் இறகு உள்ள இனமென்றால் இறகை விலக்கிப் பாருங்கள். அவற்றில்தான் இது அதிகம், தெரிவதும் தாமதம்.

புதுக்கோழியை மூன்று நான்கு வாரம் தனியே வையுங்கள். வாங்கும்போது கால் எண்ணெய் பூசியது போல் மின்னினால் சந்தோஷப்படாமல், ஒரு துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை ஓட்டுங்கள்.