ஓட்டு கிடைத்த பிறகு என்ன நடந்தது? பெண்கள் சங்கங்களின் வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டன் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைப் பற்றி நான் படித்த தமிழ்க் கட்டுரைகள் பலவும் 1918-இல் முடிந்துவிடுகின்றன. சிறை, உண்ணாவிரதம், உடைந்த சன்னல்கள், பிறகு ஓட்டு. அதற்கு அடுத்த பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. அந்தப் பக்கத்தில்தான் சங்கங்களும் இதழ்களும் தினசரி வேலையில் இறங்கின. அதைப் படிக்கத் தொடங்குபவர்கள் சில இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

1918-ஐ முற்றுப்புள்ளியாகக் கொள்வதுதான் முதல் தவறு. அந்த ஆண்டுச் சட்டப்படி, ஆணுக்கு 21 வயது ஆனால் ஓட்டு. பெண்ணுக்கோ 30 வயது ஆகியிருக்க வேண்டும். அது போதாதென்று, அவளோ அவள் கணவனோ குடியிருக்கும் வீடு அல்லது குறைந்தபட்ச மதிப்புள்ள இடம் ஒன்றுக்கு உரியவராக இருக்கவும் வேண்டும். முதல் உலகப் போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். முதலாளி வீட்டிலேயே தங்கிச் சமையலும் துப்புரவும் செய்த திருமணமாகாத பணிப்பெண்ணுக்கு 40 வயதானாலும் ஓட்டு இல்லை. ஆணுக்குச் சமமான வாக்குரிமை 1928 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளை ‘போராட்டத்துக்குப் பிந்தைய அமைதி’ என்று எழுதுவது அந்தப் பணிப்பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது, பழைய பெயரை வைத்துத் தேடிவிட்டு, ‘சங்கம் கலைந்துவிட்டது’ என்று முடிவுக்கு வருவது. மிலிசென்ட் ஃபாசெட் தலைமையில் இயங்கிய வாக்குரிமைச் சங்கங்களின் தேசிய ஒன்றியம் 1919-இல் ‘சம குடியுரிமைக்கான சங்கங்களின் தேசிய ஒன்றியம்’ ஆனது. எலினார் ராத்போன் அதன் தலைவரானார். அதன் வார இதழ் ‘காமன் காஸ்’ 1920-இல் ‘உமன்ஸ் லீடர்’ என்று பெயர் மாறியது. இன்னொரு வாக்குரிமை அமைப்பான மகளிர் விடுதலைக் கழகத்தின் ‘தி வோட்’ இதழோ பெயர் மாறாமலே 1933 வரை வந்தது. அந்தக் கழகம் 1961 வரை இயங்கியது.

மூன்றாவது தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் இதழைக் கையில் எடுத்ததும் தலையங்கத்தை மட்டும் படித்து, கருத்துகளைக் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறோம். இதழை ஒரு கருவியாகவும் பார்க்க வேண்டும். 1920 மே மாதம் தொடங்கிய ‘டைம் அண்ட் டைட்’ வார இதழை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கியவர் லேடி ரோண்டா. தந்தையின் நிலக்கரித் தொழிலையும் பட்டத்தையும் வாரிசாகப் பெற்றவர். 1915-இல் லூசிடானியா கப்பல் மூழ்கியபோது கடலில் தத்தளித்து உயிர் பிழைத்தவர். இதழின் இயக்குநர் குழுவில் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். 1921-இல் அவரே, ஆறு கோரிக்கைகளை முன்வைத்து ‘ஆறு அம்சக் குழு’வைத் தொடங்கினார். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைக்குக் கடுமையான சட்டம், விதவைத் தாய்க்கு உதவி, மணமாகாத தாய்க்கும் அவள் குழந்தைக்கும் பாதுகாப்பு, பிள்ளைகள் மீது தாய்க்குச் சம உரிமை, ஆசிரியைகளுக்குச் சம ஊதியம், அரசுப் பணியில் சம வாய்ப்பு: இவைதான் அந்த ஆறு.

1922 தேர்தலின்போது, பெண்களுக்கான சட்டங்களுக்குக் குறுக்கே நின்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் பெயர்கள் ‘கறுப்புப் பட்டியல்’ என்றும், துணை நின்றவர்களின் பெயர்கள் ‘வெள்ளைப் பட்டியல்’ என்றும் இதழில் அச்சாயின. வாக்குச்சாவடிக்குப் போகும் பெண்ணின் கையில் அந்தப் பட்டியல் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தலையங்கத்தில் தேடினால் இது அகப்படாது. அதே 1922-இல் லேடி ரோண்டா, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தனக்கு இடம் கேட்டார். மார்ச்சில் சாதகமாக வந்த முடிவை மே மாதத்தில் மாற்றி அவரை மறுத்துவிட்டார்கள். வாழ்நாள் உறுப்பினர்களாகப் பெண்கள் அந்தச் சபைக்குள் நுழைய வழிசெய்த சட்டம் 1958-இல் வந்தது. அவர் இறந்ததும் அதே ஆண்டுதான்.

சங்கங்களுக்குள் நடந்த சண்டையை வீழ்ச்சியின் அடையாளமாகப் பார்ப்பது அடுத்த தவறு. ராத்போன் தாய்மார்களுக்குக் குடும்ப உதவித்தொகை வேண்டும் என்றார். பெண் தொழிலாளர்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டங்கள் கூடாது, அவை வேலையைத்தான் பறிக்கும் என்று வேறொரு பிரிவினர் வாதிட்டார்கள். 1927-இல் ஒன்றியத்தின் செயற்குழுவிலிருந்து 11 பேர் விலகினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். இன்றும் இரவுப் பணி, மகப்பேறு விடுப்பு பற்றிப் பேசும் இடங்களில் இதே வாதம்தான் நடக்கிறது. உயிரோடு இருக்கும் இயக்கத்தில்தான் இப்படிச் சண்டை வரும். சண்டைக்கு நடுவிலும் காரியம் நடந்தது: 1923-இல் மணவிலக்குச் சட்டத்தில் கணவன் மனைவிக்கு ஒரே அளவுகோல், 1925-இல் தாய்க்குப் பிள்ளைகள் மீதான உரிமைச் சட்டம்.

‘பெண்ணியம்’ என்ற பலகை மாட்டாத அமைப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. பிரிட்டன் கிராமங்களில் ஜாம் காய்ச்சவும் கூட்டம் நடத்தவும் கற்றுக்கொடுத்த மகளிர் நிலையங்களில், கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தீர்மானம் எழுதி, வாக்கெடுக்கப் பழகிய பெண்கள் ஏராளம். நகரங்களுக்கான மகளிர் மன்றங்களோ ராத்போனின் ஒன்றியத்திலிருந்தே 1929-இல் முளைத்தவை.

கடைசியாக, நம் ஊரைத் தொடும் தவறு. சென்னை அடையாறில் 1917-இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தையும் அதன் ‘ஸ்திரீ தர்மா’ இதழையும் லண்டன் இதழ்களின் நகல் என்று தள்ளிவிடுகிறார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர் என்பது உண்மை. ஆனால் சென்னை மாகாணச் சட்டசபை, சொத்துள்ள பெண்களுக்கு ஆண்களைப் போலவே ஓட்டு என்று 1921-இல் தீர்மானித்தபோது, பிரிட்டனில் 30 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. 1930-களில் இதழைக் கவனித்துக்கொண்ட முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சட்டசபையில் வாதாடியவர். 1929-இல் ராத்போனின் ஒன்றியம் லண்டனில் இந்தியப் பெண்களின் நிலை பற்றி மாநாடு கூட்டியபோது, இந்தியப் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த தன்வந்தி ராமராவ் எழுந்து, எங்கள் சமூகக் குறைகளைப் பற்றி மாநாடு கூட்ட உங்களுக்கு என்ன உரிமை என்று நேராகவே கேட்டார்.

‘ஸ்திரீ தர்மா’வின் ஆங்கிலப் பக்கங்களோடு நின்றுவிடாதீர்கள். அதே இதழில் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் பக்கங்கள் அச்சாயின.