இ.இ.ஜி. அறையில் முதல் மாதம்: புதிதாக வருகிறவர்களுக்கு

"தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களா?" இதுதான் என் முதல் கேள்வி. பெயர், வயதெல்லாம் அப்புறம். மதுரையில் 18 வருடமாக இ.இ.ஜி. எடுக்கிறேன், அதாவது மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதிகிற டெஸ்ட். தேங்காய் எண்ணெயோடு மல்லுக்கட்டிய நேரத்தை மட்டும் கூட்டினாலே சில மாதங்கள் தேறும். எங்கள் அறைக்கு வருகிற பயிற்சி மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன்.

பெங்களூரில் மனநல, நரம்பியல் மருத்துவத்துக்கான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இதற்கென்றே படிப்பு இருக்கிறது. பாடமெல்லாம் அங்கே கிடைக்கும். மெஷின் முன்னால் உட்கார்ந்த பிறகு தெரியவருவதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். டாக்டர் அந்தக் கோடுகளை வேறு அறையில் உட்கார்ந்துதான் படிப்பார், பல நாள் மறுநாள் காலையில்தான் படிப்பார். அந்த நிமிடத்தில் நோயாளி கண்ணைத் திறந்தாரா, எச்சில் விழுங்கினாரா, பேச்சு தடுமாறியதா என்று பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வருவதற்கு முன்பே

அப்பாயிண்ட்மென்ட் கொடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். முந்தின நாள் ஷாம்பூ போட்டுக் குளிக்க வேண்டும், அதன்பிறகு எண்ணெய் கூடாது. இறுக்கிப் பின்னிய சடை வேண்டாம், பூ வேண்டாம். முக்கியமாக, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். டெஸ்ட் என்றாலே வெறும் வயிறு என்று நம் ஊரில் பழகிவிட்டது. பசியில் சர்க்கரை இறங்கினால் அலையும் மந்தமாகும். வலிப்பு மாத்திரையை, டாக்டர் நிறுத்தச் சொல்லாதவரை, வழக்கம்போலப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

இங்கே வந்து தூங்கட்டும் என்று தூக்கம் குறைத்து வரச் சொல்லியிருந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கக் குழந்தையைக் கஷ்டப்பட்டு விழிக்க வைப்பார்கள். காலையில் பஸ் ஏறியதும் அது அம்மா மடியில் நன்றாகத் தூங்கிவிடும். எங்கள் கட்டிலில் படுக்கும்போது கொட்டக் கொட்ட விழித்திருக்கும். "பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்" என்று சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. தூக்க மருந்தெல்லாம் டாக்டர் எழுதினால் மட்டும்தான்.

அடுத்தது பயம். பத்துப் பேரில் ஒருவராவது "கரண்ட் வைப்பீங்களா?" என்று கேட்பார். கேட்காதவரும் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பார், கழுத்துத் தசை இறுகி எல்லாக் கோடும் கறுப்பாக அடித்துப்போகும். நான் ஒரு ஒயரைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். "டாக்டர் ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேக்குறாருல்ல, அது மாதிரிதான் இதுவும். உங்க தலையில இருந்து வர்றத மெஷின் கேக்கும், அது எதையும் உள்ள அனுப்பாது" என்பேன். அடுத்த கேள்வி, "மனசுல நினைக்கிறது தெரியுமா?" தெரியாது என்று சொன்னதும் பலருக்கு முகம் தெளிந்துவிடும்.

அளவு நாடா

அலையைப் பிடிக்கத் தலையில் ஒட்டுகிற சின்ன உலோகக் கப்புகளைக் கண்ணளவில் வைக்காதீர்கள். 5 வருடம் ஆனாலும் வைக்காதீர்கள். எந்தக் கப் எங்கே என்பதற்கு, 1958இல் மூளை ஆய்வாளர் ஜாஸ்பர் எழுதிவைத்த 10-20 முறைதான் இன்றைக்கும் எங்களுக்கு அடிப்படை. புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து, பிடரிக்கு மேலே எலும்பு புடைத்திருக்கும் இடம் வரை உச்சி வழியாக நாடாவைப் பிடியுங்கள். 36 செ.மீ. வந்தால் 10 சதவீதம் 3.6. அங்கே ஒரு புள்ளி. அப்புறம் 20 சதவீதமாக நகருங்கள்: 10.8, 18, 25.2, 32.4. 18இல் விழுவது உச்சிப் புள்ளி. அடுத்து ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறு காதுக்கு இதே மாதிரி. இரண்டு அளவிலும் பாதித் தூரம் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டவில்லை என்றால் நாடா சாய்ந்துவிட்டது, மறுபடி அளங்கள். இடப்பக்கக் கப்புகளுக்கு ஒற்றைப்படை எண், வலப்பக்கக் கப்புகளுக்கு இரட்டைப்படை.

இடப்பக்கம் அரை செ.மீ. தள்ளிப்போனால்கூட இரண்டு பக்க அலைகளும் உயரத்தில் வித்தியாசமாகத் தெரியும். மூளையில் ஏதோ கோளாறு என்று ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போவார். கோளாறு உங்கள் நாடாவில்.

வகிடு எடுத்து, சொரசொரப்பான ஜெல்லைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். தோல் சிவக்கலாம், கீறக்கூடாது. கப்பில் பேஸ்ட் நிரப்பி வைத்து அழுத்துங்கள். இம்பிடென்ஸ், அதாவது கப்புக்கும் தோலுக்கும் நடுவே உள்ள மின்தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கட்டும். அதைவிட, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைப் பாருங்கள். பேஸ்ட்டை அப்பிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் வியர்வையோடு சேர்ந்து வழிந்து, பக்கத்துக் கப்போடு ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒரே இடமாகிவிடும். அந்தக் கோடு தட்டையாகப் போகும்.

ஓட்டத்தில்

அலையைத் திரையில் எவ்வளவு உயரமாகக் காட்டுவது என்கிற சென்சிட்டிவிட்டி மில்லிமீட்டருக்கு 7 மைக்ரோவோல்ட், எந்த வேக அலைகளை உள்ளே விடுவது என்கிற ஃபில்டர் 1 முதல் 70 ஹெர்ட்ஸ். குழந்தைகளுக்கு அலை பெரிதாக வரும், சென்சிட்டிவிட்டியை 10 அல்லது 15க்கு மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் இரைச்சலை மறைக்கும் 50 ஹெர்ட்ஸ் நாட்ச் பொத்தானை எடுத்த எடுப்பில் போடாதீர்கள். கரண்ட் இரைச்சல் வந்தால் ஏதோ ஒரு கப் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். போய்ச் சரிசெய்யுங்கள். தசை இரைச்சலை மறைக்க மேல் ஃபில்டரை 15க்கு இறக்குவதும் கூடாது. மிச்சமிருக்கும் தசை அலை, மூளை அலை மாதிரியே வேஷம் போடும். "வாயை லேசாத் திறந்து வைங்க" என்று சொன்னாலே தாடை தளர்ந்து பாதி இரைச்சல் போய்விடும்.

ஆரம்பத்திலேயே கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள். கண் சிமிட்டல் நெற்றியில்தான் பெரிதாக வர வேண்டும். பின்தலையில் வந்தால் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டீர்கள். கண் மூடியதும் பின்தலையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஆல்ஃபா அலை எழும், திறந்ததும் அடங்கும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட விஷயம் இது. எனக்கு இன்றைக்கும் பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை.

இனி எழுதும் பழக்கம். கண் மூடினார், இருமினார், போன் அடித்தது, தூங்கிவிட்டார், எல்லாவற்றையும் அந்தந்த நொடியிலேயே தட்டுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கைக்குழந்தைக்கு எடுத்தேன். அழுகிறதே என்று அம்மா தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். தாளம் தப்பாமல் ஒரே சீராக ஒரு அலை ஓடியிருக்கிறது, தட்டிய தாளம். அந்தப் பழைய மெஷினில் வீடியோ கிடையாது. மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இந்த நேரத்துல பாப்பா என்ன பண்ணுச்சு?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அது வலிப்பா, வேறெதுவுமா என்று தெரியாமல் மறுபடி வரவழைத்தோம். அந்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு ரிஜிஸ்டரை வெளி மேசைக்கு மாற்றினேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஒளிந்திருக்கும் வலிப்பு அலையைக் கிளப்பிப் பார்க்க, வேகமாக மூச்சு விடவைப்பது 3 நிமிடம். அண்மையில் பக்கவாதமோ மூளையில் ரத்தக்கசிவோ வந்தவர்கள், இதயம் அல்லது நுரையீரல் மிகவும் பாதிக்கப்பட்டவர்களிடம் செய்யக்கூடாது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தலை லேசாகும், விரல் நுனி குறுகுறுக்கும் என்று முதலிலேயே சொன்னால் பாதியில் எழுந்து உட்கார மாட்டார்கள். குழந்தைகளிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். ஊதிக்கொண்டே இருக்கும் பிள்ளை சட்டென நிறுத்தி, கண் ஒரே இடத்தில் நிலைத்து, திரையில் நொடிக்கு மூன்றாக கூர்முனையும் அலையும் ஓடினால், உடனே "மாம்பழம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஓட்டம் நின்றதும் "என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் அந்த நேரத்தில் நினைவு தப்பியிருக்கிறது, அதையும் எழுதுங்கள். விளக்கு மினுக்கும் சோதனையில் விளக்கு முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், வலிப்பு அலை கிளம்பினால் உடனே நிறுத்த வேண்டும்.

வலிப்பு வந்தால்

மணியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள், வீடியோவில் பதியட்டும். நர்ஸைக் கூப்பிடுங்கள். போர்வையை விலக்குங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கேமராவை மறைத்து நிற்காதீர்கள், புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. பெயரைக் கேளுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள். உடன் வந்தவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடிவருவார், தடுத்துவிடுங்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. வாயிலும் எதையும் வைக்கக்கூடாது. 5 நிமிடம் தாண்டினால் அவசரம், மருந்து தேவைப்படும். நின்ற பிறகு மெஷினை அணைக்காதீர்கள். பேனாவைக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். பேச்சு திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதும் டாக்டருக்குத் துப்பு.

ஐ.சி.யு. வேறு உலகம். வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய தண்ணீர் குலுங்கினாலே அலை வரும். மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் அந்தப் பக்கம் அலை உயரமாகவும் கூராகவும் வரும், எந்த இடம் என்று எழுதிவிடுங்கள். மயக்க மருந்தின் பெயரையும் குறிக்க வேண்டும். வாசலில் நிற்கிறவர்கள், "அலை வருதாம்மா?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்வார்" என்பதைத் தவிர ஒரு வார்த்தையும் வேண்டாம். முகத்தையும் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

முடிந்ததும் கப்புகளை இழுத்துப் பிடுங்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, பேஸ்ட் இளகியதும் எடுங்கள். நெற்றியில் ஒட்டுவதற்கு முன் குங்குமத்தையோ விபூதியையோ கேட்டுவிட்டுத்தான் துடைத்திருப்பீர்கள். என் இழுப்பறையில் எப்போதும் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு, ஒரு குங்குமச் சிமிழ், விபூதிப் பொட்டலம், சின்னக் கண்ணாடி, சீப்பு இருக்கும். அவர்களே வைத்துக்கொள்ளட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அடுத்தவர் இரண்டு நிமிடம் காத்திருப்பார்.