உங்கள் ஊர்ச் சலுகையோடு அடுத்த ஊரில் சைக்கிள் ஓட்டுவது எப்படி? ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஜெர்மனிக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பவும் வேண்டும். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு கையில் இருந்தால் நாடு முழுவதும் வட்டார ரயில்களில் ஏறிக்கொள்ளலாம். டோர்ட்முண்டில் ஆர்.இ. 1 என்ற வட்டார விரைவு ரயிலைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொலோன் பேராலயத்தின் வாசலில் நிற்கலாம்.

ஆனால் அந்த டிக்கெட் உங்களுக்கு மட்டும்தான், உங்கள் சைக்கிளுக்கு இல்லை. இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் சைக்கிளையும் ரயிலில் ஏற்ற வேண்டுமானால் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அதற்கு இடம் கிடைப்பதும் கடினம். அதனால் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, போய் இறங்கும் ஊரில் பொது வாடகைச் சைக்கிள் எடுப்பதுதான் நல்ல வழி. நீங்கள் கட்டிய செமஸ்டர் கட்டணத்திலேயே அதற்கான சலுகை அடங்கியிருக்கக்கூடும். பல மாணவர்கள் அது தெரியாமலே படித்து முடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரே நிறுவனம், பல பெயர்கள்

நெக்ஸ்ட்பைக் 2004இல் லைப்சிக் நகரில் தொடங்கிய பொது வாடகைச் சைக்கிள் நிறுவனம். அதன் சைக்கிள்களுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொலோனில் கே.வி.பி. ராட். டோர்ட்முண்ட், எஸ்ஸன், டூயிஸ்பர்க் உள்ளிட்ட ரூர் பகுதி நகரங்களில் மெட்ரோபோல்ராட்ரூர். மன்ஹைம், ஹைடல்பெர்க் பக்கம் வி.ஆர்.என். நெக்ஸ்ட்பைக். பெயர் மாறுவதைப் பார்த்துப் புதிய கணக்குத் தொடங்க வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். தேவையே இல்லை. நெக்ஸ்ட்பைக் கணக்கு ஒன்று இருந்தால் இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் பூட்டு திறக்கும்.

ஹாம்பர்க்கின் ஷ்டாட்ராட் போன்றவை டாய்ச்ச பான் என்ற ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் வழி வந்தவை. அவற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

நெக்ஸ்ட்பைக் ஊர்களிலும் ஒன்றை மறக்கக் கூடாது. கணக்கு எல்லா ஊருக்கும் கூட வரும். சலுகை அப்படி வரும் என்று சொல்ல முடியாது. கீழே சொல்லும் படிகளில் பாதி இந்த வேறுபாட்டைச் சமாளிப்பதற்காகத்தான்.

படி 1: சலுகை யார் கொடுத்தது என்று பாருங்கள்

இதை வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடுங்கள். ரயில் நிலைய வாசலில் குளிரில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது.

சலுகை உங்களுக்கு மூன்று வழிகளில் வந்திருக்கலாம். ஒன்று, உங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கமான ஆஸ்டா செய்துகொண்ட ஒப்பந்தம். இரண்டாவது, உள்ளூர்ப் போக்குவரத்துக் கழகத்தின் சந்தா. கொலோனில் கே.வி.பி. சந்தாதாரர்களுக்கு ஒவ்வொரு சவாரியிலும் முதல் 30 நிமிடம் இலவசமாகக் கிடைப்பது இந்த வகை. மூன்றாவது, நீங்களே பணம் கட்டி எடுத்த மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா.

எந்த வகை என்று தெரிந்தபின் அந்த ஒப்பந்தத்தின் விதிகளைத் தேடிப் படியுங்கள். ஆஸ்டா என்றால் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும். பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது கடைசி வரி வரை படியுங்கள். நீங்கள் தேட வேண்டியவை: சலுகை எந்தெந்த ஊர்களில் செல்லும்? ஒரு சவாரிக்கு எத்தனை நிமிடம் இலவசம்? ஒரு சவாரி முடிந்து அடுத்த இலவச சவாரியைத் தொடங்க இடைவெளி விட வேண்டுமா? மின்சார சைக்கிளுக்கும் பொருந்துமா?

மாணவர் ஒப்பந்தங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர் “எனக்குக் கிடைத்ததே” என்று சொன்னால் அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அவருடைய ஒப்பந்தம் வேறு, உங்களுடையது வேறு.

படி 2: கணக்கில் சலுகை ஏறியிருக்கிறதா?

நெக்ஸ்ட்பைக் செயலியில் கைபேசி எண் கொடுத்துப் பதிவு செய்து, பணம் செலுத்தும் முறையைச் சேருங்கள். மாணவர் சலுகைக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள். அங்கே சொந்த மின்னஞ்சலைக் கொடுத்தால் சலுகை ஏறாது, சாதாரணக் கட்டணம்தான் ஓடும்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் எந்தக் கட்டணத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கண்ணால் பாருங்கள். பிறகு உங்கள் ஊரிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இலவசம் என்று கணக்கில் வந்தால் அடுத்த ஊருக்குக் கிளம்பலாம்.

படி 3: போகும் ஊரின் வரைபடம்

செயலியில் அந்த ஊரைத் திறந்தால் சைக்கிள்கள் எங்கே நிற்கின்றன என்பதோடு, எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது என்பதும் தெரியும். சில இடங்களில் சைக்கிள் நிலையத்தில் மட்டுமே விட வேண்டும். வேறு சில இடங்களில் குறிப்பிட்ட எல்லைக்குள் எந்தத் தெருமுனையிலும் விடலாம். எல்லைக்கு வெளியே விட்டால் கூடுதல் கட்டணம் உண்டு. ஆற்றங்கரையிலும் பூங்காவிலும் விடுவதற்கு முன் வரைபடத்தை ஒரு முறை பாருங்கள். ஓட்டிப் போக ஆசையாக இருக்கும் அந்த இடங்களே பல ஊர்களில் நிறுத்தத் தடை செய்த பகுதிகளாக இருக்கின்றன.

படி 4: எடுப்பது

பூட்டைத் திறப்பதற்கு முன் டயர்களை அழுத்திப் பாருங்கள், இரண்டு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள், மணியை ஒருமுறை அடியுங்கள். பழுது இருந்தால் செயலியில் தெரிவித்துவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போங்கள். நல்ல சைக்கிள் என்றால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், அல்லது அதன் எண்ணைத் தட்டுங்கள். பின்சக்கரப் பூட்டு தானே திறந்துகொள்ளும்.

ஒரே கணக்கில் நான்கு சைக்கிள் வரை எடுக்கலாம். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கும்போது இது பெரிய வசதி. ஆனால் இலவச நிமிடங்கள் பொதுவாக முதல் சைக்கிளுக்குத்தான். மற்றவற்றுக்குச் சாதாரணக் கட்டணம் ஓடும்.

இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம் கை இடப்பக்கத்துக்குப் பழகியது, திருப்பங்களில் தன்னையறியாமல் அங்கே இழுக்கும். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே போங்கள். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 55 யூரோ அபராதம். சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60 யூரோ, அதோடு போக்குவரத்துக் குற்றப் பதிவேட்டில் ஒரு புள்ளியும். எந்தச் சலுகையும் அதை ஈடுகட்டாது. வழி பார்க்க வேண்டுமானால் ஓரமாக நின்று பாருங்கள்.

படி 5: நேரத்தைத் துண்டாக்குவது

நம் ஊர் வாடகைச் சைக்கிள் கடையில் நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார்கள். அரை மணி நேரத்துக்கு எடுத்தவர்கள் அது முடியுமுன் வேர்க்க விறுவிறுக்க மிதித்து வந்து கடை வாசலில் நிற்போம். அதே கணக்குதான் இங்கேயும். ஆனால் திரும்பி வந்து விட ஒரே கடை என்றில்லாமல் ஊரெங்கும் இடங்கள் இருக்கின்றன.

இலவச நிமிடங்கள் ஒரு நாளைக்கு இத்தனை என்று இல்லாமல் ஒரு சவாரிக்கு இத்தனை என்று இருந்தால், நீண்ட பயணத்தைத் துண்டு துண்டாக்கிக்கொள்ளலாம். 30 நிமிடம் இலவசம், அதற்குமேல் 15 நிமிடத்துக்கு 1 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் 50 நிமிடம் ஓட்டினால் 2 யூரோ. 25ஆவது நிமிடத்தில் ஓர் இடத்தில் முறையாக ஒப்படைத்து, ஒரு காப்பி குடித்துவிட்டு, மீண்டும் எடுத்து 25 நிமிடம் ஓட்டினால் செலவு காப்பிக்கு மட்டும். படி 1இல் இடைவெளி பற்றிய விதியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

செயலியில் உள்ள ‘பார்க்’ வசதி வேறு. அதை அழுத்திப் பூட்டினால் சைக்கிள் உங்கள் பெயரிலேயே இருக்கும், கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்குள் ஐந்து நிமிடம் போய்வர அது சரி. அருங்காட்சியகத்துக்குள் மூன்று மணி நேரம் போவதற்கு அல்ல.

படி 6: ஒப்படைப்பது

அனுமதித்த இடத்தில், நடைபாதையை மறிக்காமல் நிறுத்துங்கள். சக்கர நாற்காலியிலும் குழந்தை வண்டியோடும் வருபவர்களுக்கு வழி வேண்டும். பின்சக்கரப் பூட்டின் நெம்புகோலை முழுவதும் கீழே தள்ளுங்கள். பிறகு செயலியில் சவாரி முடிந்தது என்ற செய்தி வருகிறதா என்று பாருங்கள். அது வராமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாலும் இந்த அரை நிமிடத்தைச் செலவழியுங்கள். நின்ற இடமும் சைக்கிள் எண்ணும் தெரிய ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் எடுத்த சைக்கிளை வேறு ஊர் அமைப்பின் எல்லையில் கொண்டுபோய் விட முடியாது. ரூர் பகுதி இதில் வேறு மாதிரி. பல நகரங்கள் ஒரே அமைப்பில் இருப்பதால் எஸ்ஸனில் எடுத்து அடுத்த நகரில் விடலாம்.

நாட்டைத் தாண்டினால்

வியன்னாவின் வீன்மொபில் ராட் 2022 முதல் நெக்ஸ்ட்பைக்கிடம் இருக்கிறது. உங்கள் கணக்கு அங்கேயும் பூட்டைத் திறக்கும். ஆனால் ஜெர்மனியில் வாங்கிய சலுகை எல்லையைத் தாண்டும் என்று எழுத்தில் இருந்தால் தவிர, முழுக் கட்டணம் என்றே நினைத்துக்கொண்டு எடுங்கள்.

படி 7: அன்று இரவே கணக்கைப் பாருங்கள்

செயலியின் சவாரிப் பட்டியலில் ஒவ்வொரு பயணத்துக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்த தொகை எல்லாம் இருக்கும். நீங்கள் விட்ட நேரத்துக்குப் பிறகும் சவாரி ஓடியதாகக் காட்டினால், எடுத்து வைத்த புகைப்படத்தோடு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். சைக்கிள் எண், இடம், நேரம் மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் எந்தத் தெருவில் விட்டோம் என்பதே மறந்துவிடும்.