பாலாடையிலிருந்து நெய் வரை: புதிதாகத் தொடங்குவோருக்கு

நாள்தோறும் ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டில் தயிர், மோர், வெண்ணெய், நெய் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கடையில் வாங்க வேண்டிய தேவை அவ்வளவாக இருப்பதில்லை. நெய்க்கென்றே கூடுதலாகப் பால் வாங்கினால் மட்டும் கணக்குக் கட்டிவராது. காப்பிக்கும் தயிருக்கும் வாங்குகிற பாலில் படியும் ஆடையை வழித்துச் சேர்த்துவைத்தாலே போதும். இதற்கெனத் தனிக் கருவியும் தேவையில்லை; அடிகனமான பாத்திரமும் மத்தோ மிக்ஸியோ இருந்தால் சரி.

பாலைத் தேர்ந்தெடுத்தல்

பால் உறையின் மேல் கொழுப்பளவு அச்சிடப்பட்டிருக்கும். டோன்டு பாலில் 3 விழுக்காடும், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5 விழுக்காடும், நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. தயிருக்கு டோன்டு பாலே போதும். நெய் எடுக்கும் எண்ணமிருந்தால் நிறைகொழுப்புப் பாலோ, கிடைக்குமானால் கறந்த எருமைப் பாலோ வாங்குங்கள். உறையில் ‘ஹோமோஜினைஸ்டு’ என்றிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய பாலில் கொழுப்புத் துளிகள் மிக நுண்ணியவையாக உடைக்கப்பட்டிருப்பதால் அவை மேலே மிதந்து வராமல் பாலோடு கலந்தே நிற்கும். எத்தனை முறை காய்ச்சினாலும் மெல்லிய ஏடு மட்டுமே படியும்.

ஆடை சேர்த்தல்

பால் பொங்கியபின் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் காயவிட்டு இறக்குங்கள். சூடு ஆறும்வரை தட்டை முழுவதுமாக மூடாமல், ஆவி வெளியேறும்படி சற்றே விலக்கி வையுங்கள். நன்கு ஆறியதும் பிரிட்ஜில் ஆறு மணி நேரம் வைத்தால் ஆடை தடித்து, தட்டைக் கரண்டியால் முழுதாக எடுக்கும் அளவுக்கு வந்துவிடும். ஒரு எவர்சில்வர் டப்பாவின் அடியில் ஒரு கரண்டித் தயிரை விட்டு, அதன்மேல் நாள்தோறும் ஆடையைச் சேர்த்து வாருங்கள். தயிர் மெல்லப் புளிப்பேற்றுவதால் ஆடையில் வேண்டாத கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. நெய்க்கு வரும் வாசனைக்கும் அந்தப் புளிப்பே காரணம். ஒரு வாரத்துக்குமேல் சேர்க்க நேர்ந்தால் டப்பாவை ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கசப்பு தட்டும், அந்தக் கசப்பு நெய்வரை தொடரும்.

தயிர் உறைய வைத்தல்

ஆடை எடுத்த பாலை மீண்டும் சூடாக்கி, சுத்தமான விரலை விட்டால் பொறுக்கக்கூடிய இளஞ்சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசுக்கு வந்ததும் உறை ஊற்றுங்கள். அதைவிட மிகுந்த சூட்டில் ஊற்றினால் தயிராக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து பால் நீர்த்துப்போகும். ஆறிய பாலில் ஊற்றினால் உறைய நெடுநேரமாகி, நூல் நூலாக இழுபடும். ஒரு லிட்டருக்குப் புளிக்காத தயிர் இரண்டு தேக்கரண்டி போதும், சித்திரை வெயிலில் ஒன்றே மிகுதி. உறையை நன்றாகக் கலக்கியபின் பாத்திரத்தை அசைக்கக் கூடாது. கோடையில் நான்கைந்து மணி நேரத்திலும் மார்கழியில் ஓர் இரவிலும் உறைந்துவிடும். உறைந்த கையோடு பிரிட்ஜில் வைத்தால் புளிப்பு ஏறாது. மண்சட்டியில் உறைய வைத்தால் சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கெட்டியாக இருக்கும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் தயிரோ மோரோ வைக்கவே கூடாது, களிம்பேறிவிடும்.

வெண்ணெய் எடுத்தல்

சேர்த்த ஆடையை முந்தைய இரவே வெளியில் எடுத்துவைத்துப் புளிக்கவிட்டு, கடைவதற்கு அரைமணி நேரத்துக்கு முன் மீண்டும் பிரிட்ஜில் வைத்துக் குளிரச் செய்யுங்கள். அதே அளவு ஐஸ் தண்ணீர் சேர்த்து, மத்தால் கடையலாம், அல்லது மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டலாம். சூடு ஏறினால் கொழுப்பு இளகி, திரளாமல் மோரிலேயே நிற்கும். குளிர்ச்சி தேவைப்படுவது இதனால்தான்.

முதலில் கலவை நுரைத்து, கேக்கின் மேல் தடவும் கிரீமைப்போலக் கெட்டியாகும். புதியவர்கள் பலர் இந்த நிலையிலேயே வெண்ணெய் வரவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்த கதைதான். இன்னும் சில சுற்று ஓட்டினால் கெட்டிப்பு சட்டென்று உடைந்து, மிக்ஸியின் ஓசை மாறி, உள்ளே நீர் சலசலக்கக் கேட்கும். திறந்து பார்த்தால் கடுகளவு மணிகள் மோரின்மேல் மிதக்கும். அவற்றை ஈரக்கையால் திரட்டி, கழுவும் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை குளிர்நீரில் அலசுங்கள். உள்ளே தங்கும் மோர்தான் வெண்ணெய்க்கு நாற்றமேற்றுவது. பிரிந்த மோரில் உப்பும் பெருங்காயமும் சேர்த்தால் குடிக்கலாம். புளித்திருந்தால் மோர்க்குழம்புக்கு ஆகும்.

நெய் காய்ச்சுதல்

வெண்ணெய்யில் ஆறில் ஒரு பங்குவரை நீர் இருக்கும். அந்த நீரை ஓட்டி, பாலின் திடப்பொருளான கசடைச் சிவக்கவைப்பதுதான் நெய் காய்ச்சுவது. நுரை பொங்கும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்குமேல் வெண்ணெய் இருக்கக் கூடாது. மிதமான தீயில் உருகியதும் பெரிய வெண்ணுரை எழும்பி, சடசடவென்று சத்தம் வரும். நீர் முழுவதும் போகும்வரை அந்தச் சத்தம் நிற்காது. பிறகு சத்தம் அடங்கி, நெய் தெளிந்து, பாத்திரத்தின் அடி தெரியும். இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது. அதுவரை நீர் ஏறவிடாமல் தடுத்துவந்த சூடு இப்போது மளமளவென்று ஏறுவதால், அடியில் கிடக்கும் கசடு வெள்ளையிலிருந்து பொன்னிறத்துக்கும், அங்கிருந்து கருப்புக்கும் போக ஓரிரு நிமிடமே பிடிக்கும்.

மறுபடியும் நுண்ணுரை எழுந்து, மணம் பரவி, கசடு இளம்பொன்னிறமாகும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அணைத்தவுடன் ஒரு கைப்பிடி முருங்கை இலை போடுவது வழக்கம். இலையில் ஈரமிருந்தால் கொதிநெய் தெறிக்கும் என்பதால் துணியால் ஒற்றி எடுத்தபின் போடுங்கள். சற்று ஆறியதும் எவர்சில்வர் வடிகட்டியில் வடிகட்டி, துளி ஈரமும் இல்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் வடிகட்டி இந்தச் சூட்டைத் தாங்காது. 100 கிராம் வெண்ணெய்க்கு ஏறத்தாழ 80 கிராம் நெய் கிடைக்கும். மணல் மணலாக உறைய வேண்டுமானால் புட்டியை அசைக்காமல் மெதுவாக ஆறவிடுங்கள். பிரிட்ஜில் வைத்தால் கட்டியாகிவிடும். ஈரக்கரண்டி படாத நெய் வெளியிலேயே மாதக்கணக்கில் கெடாது.

வடிகட்டியில் தங்கும் கசடையும் மொறுமொறுத்த முருங்கை இலையையும் உப்பிட்டுச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடலாம். பிசுபிசுப்பேறிய பாத்திரத்தை உடனே கழுவாமல், அதில் சப்பாத்தி மாவைப் பிசைந்தாலோ இரண்டு கரண்டிச் சோற்றைப் போட்டுப் புரட்டினாலோ ஒட்டிய நெய்யும் வீணாகாது. எஞ்சிய பிசுக்குக்குக் கொதிநீரும் ஒரு கரண்டி சீயக்காய்த் தூளும் போதும்.