தெருவுல கால் வச்சாலே நடுங்குற நாய்க்குட்டியை வாக்கிங் பழக்குறது எப்படி

செயின மாட்டினதும் கேட்டுக்குள்ளயே படுத்துக்குது, இல்லன்னா இறங்கினதும் கண்ணு மண்ணு தெரியாம இழுத்துட்டு ஓடுது, பைக்க பாத்தா குரைக்குது. கூச்ச சுபாவம் உள்ள குட்டிக்கு இந்த மூணுமே பயத்துல வர்றதுதான். நாலு அதட்டு அதட்டுங்க சரியாயிடும்னு தெருவுல யாராவது சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க, பைக்கோட சேத்து உங்களையும் பாத்து மிரள ஆரம்பிச்சிடும்.

மொதல்ல கழுத்த இறுக்குற சோக் செயின தூக்கி போடுங்க. நெஞ்சு பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது உடம்ப சுத்தி மாட்டுற பட்டை, வாங்குங்க, இழுத்தா உடம்பு உங்க பக்கம் திரும்பும், கழுத்துல பாரம் விழாது. மிரண்ட குட்டி பின்னாடியே நகர்ந்து ஹார்னஸ உருவிட்டு ஓடிடும், அதுவும் சிப்பிப்பாறை நாய் மாதிரி தலை சின்னதா உடம்பு ஒல்லியா இருந்தா ரொம்ப ஈஸி, அதனால கழுத்து பெல்ட்டையும் ஹார்னஸையும் சேத்து மாட்டுங்க. கையில பிடிக்கிற கயிறு, அதாவது லீஷ், ஆறடி துணியில இருந்தா போதும். நீண்டு சுருங்குற டப்பா லீஷ் வேண்டாம், கை நழுவினா அந்த டப்பா தடதடன்னு பின்னாடியே துரத்திட்டு வரும், குட்டி எங்க போய் நிக்கும்னே தெரியாது.

உடனே ரோட்டுக்கு போகாதீங்க. வீட்டுக்குள்ள ஹார்னஸ மாட்டி சோறு வைங்க, அப்புறம் மொட்டை மாடியில நடங்க, "வா வா"ன்னா உங்க கூட திரும்பி வரணும், இத அங்கயே பழக்கிடுங்க, பின்னாடி ரொம்ப உதவும்.

இப்போ முக்கியமான விஷயம், தூரம். கேட்டுக்குள்ள நின்னு தெருவ வேடிக்கை பாருங்க. பைக் வருது, குட்டி காத நிமித்தி பாக்குது, பாத்த உடனே ஒரு துண்டு சிக்கன், பைக் போனதும் சிக்கன் நின்னுடும். பைக் முதல்ல, சிக்கன் அப்புறம், இந்த வரிசை மாறக்கூடாது, அப்பதான் பைக் வந்தா நல்லது வரும்னு அது மனசுல பதியும். உப்பு மசாலா இல்லாம வேகவச்சு பட்டாணி சைஸ்ல பிச்சு வச்சுக்கோங்க, வெங்காயம் சேந்த குழம்பு துண்டு கொடுக்காதீங்க, நாய்க்கு ஆகாது.

வால் கால் இடுக்குல போகுது, உதட்ட நக்குது, தூக்கமே இல்லாம கொட்டாவி விடுதுன்னா கஷ்டப்படுதுன்னு அர்த்தம். மூக்குக்கு நேரா சிக்கன நீட்டியும் வாங்கலன்னா ரொம்ப பக்கத்துல வந்துட்டீங்க. அங்க நின்னு சமாதானம் பண்ணாம "வா வா"ன்னு திரும்பி தள்ளி போயிடுங்க, பாதி வழின்னாலும் பரவாயில்ல. லீஷ் தொளதொளன்னு இருக்கட்டும், நீங்க இறுக்கி பிடிச்சா அதுக்கும் பதட்டம் ஏறும். தடவி கொடுத்தா பயம் அதிகமாகும்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு, உங்க கால்கிட்ட ஒட்டிக்கிட்டா தாராளமா தடவுங்க.

மோப்பம் பிடிக்க விடுங்க. ஒரே மரத்தடியில பத்து நிமிஷம் நின்னாலும் அது வாக்கிங்தான், மோந்து பாக்கும்போதுதான் குட்டி அமைதியாகும்.

தெருநாய்ங்க கூட்டம் எந்த முக்குல, எந்த நேரத்துல இருக்குன்னு தனியா ஒரு தடவை நடந்து பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி ரூட் மாத்துங்க. மத்தியானம் தார் ரோட்டுல புறங்கைய வச்சு ஏழு செகண்ட் தாங்க முடியலன்னா அதோட பாதமும் தாங்காது. தடுப்பூசி முடியாத குட்டிய தெருவுல இறக்காம தூக்கிட்டு போய் காட்டுங்க.

ஆறு மாசத்துக்கு மேல, பழகின விஷயத்துக்கே திடீர்னு மறுபடி பயப்படலாம், வளர்ற வயசுல சகஜம், பழையபடி தூரத்துலருந்து ஆரம்பிங்க. நொண்டுது, தொட்டா கத்துதுன்னா வலியா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஒரு நாள் வெடிச் சத்தத்துல ரொம்ப மிரண்டுடுச்சுன்னா அடுத்த ஒண்ணு ரெண்டு நாள் வாக்கிங்கே வேண்டாம், அந்த படபடப்பு அடங்க நேரம் எடுக்கும். பழைய துண்டுல சிக்கன சுருட்டி வச்சு வீட்டுலயே தேட விடுங்க, தீபாவளி வாரம் முழுக்க இப்படியே ஓட்டிடலாம்.